எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கும் குழி

பிப்ரவரி 11

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று எழுதப் பேனா வரவில்லை, அதனால் எழுதவில்லை. கப்பல் கம்பெனி அலுவலகத்தில் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் உன் கைக்கு வந்து சேரும் என்றார்கள். போனில் பேசலாமே என்பாய். போனில் பேசினால் என்ன ஆகும் என்று போன வாரம் பார்த்தோமே. நீ கத்தினாய், நான் கத்தினேன், "அந்த ரொட்டிக்காரருக்கு வேற வேலையே இல்லக்கா" என்று சொல்லிவிட்டுப் பட்டென்று வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. இனிமேல் எழுத்துதான்.

நீ முழுதாகக் கேட்காமல் போன கதையை மறுபடி சொல்கிறேன். பொங்கிய மாவு மாதிரி நிதானமான மனிதர் நம் பக்கத்து வீட்டு ரொட்டிக்காரர், உனக்கே தெரியும். ஒரு மாதமாக அவர் ரொட்டியை வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். ஏதோ வாடை அடிக்கிறதாம். அவர் மாவுக் கடையை மாற்றினார். பிசைகிற தொட்டியைச் சுரண்டிக் கழுவினார். ஒன்றும் ஆகவில்லை. போன செவ்வாய்க்கிழமை கிணற்றில் வாளியை இறக்கித் தூக்கியபோது தண்ணீரின் மேல் நீலமும் மஞ்சளுமாக ஏதோ மினுங்கியிருக்கிறது. ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு நேராக நம் வீட்டுக்கு வந்தார்.

"மோந்து பாருங்கம்மா."

முகர்ந்தேன். பதினோரு வருஷமாக என் சட்டையில் அடிக்கிற அதே வாசனை. உன் மாமா இடுப்பு விழுந்து நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து நம் பொக்லைன் தடியனை நான்தானே ஓட்டுகிறேன், நான்தானே கழுவுகிறேன்? மண் அள்ளி அள்ளி, கிரீஸும் சேறும் அப்பி வருகிற மிஷினை முற்றத்தில் நிறுத்தி, டீசல் அடித்து, தண்ணீர் அடித்து, எல்லாவற்றையும் அந்த மூலைக் குழிக்குள் தள்ளுகிறேன். நீ தோண்டிய குழி.

"எங்க குழியாத்தாண்ணே இருக்கும். நான் சரி பண்ணித் தர்றேன்" என்றேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை. கிணற்றைப் பலகை போட்டு மூடினார். அடுப்பை அணைத்துவிட்டார். தெருக்குழாயில் ஒரு மணி நேரம் வருகிற தண்ணீர் குடிக்கச் சமைக்கக் காணும், பேக்கரிக்கு எங்கே காணும்? "ஆறு மாசம் தாக்குப் பிடிப்பேன்மா. அதுக்கு மேல முடியாது, கடைய மூடிட்டு மகன் வீட்டோட போயிட வேண்டியதுதான்" என்றார். அதாவது ஆகஸ்ட் வரை. அதற்குள் அந்த அடுப்பு எரிய வேண்டும். எரிய வைக்காமல் விடப்போவதில்லை நான்.

அதனால் ஒரே ஒரு கேள்வி. அந்தக் குழியைத் தோண்டியபோது அடியில் சிமெண்ட் போடச் சொல்லி மாமா மூன்று மூட்டை வாங்கிக் கொடுத்தார். கழிவு தேங்கி நிற்க வேண்டும், நாம் அள்ளி டிரம்மில் ஊற்றி அனுப்ப வேண்டும், அதுதான் பேச்சு. ஆனால் சில வாரத்திலேயே அள்ளுகிற வேலை இல்லாமல் போயிற்று. எவ்வளவு ஊற்றினாலும் குடித்தது. வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் கூட்டிப் போய் மாமா அதைக் காட்டினார். குடித்ததை எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்று நானும் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. என் தப்பை நான் மறைக்கவில்லை.

அடியில் சிமெண்ட் போட்டாயா, இல்லையா? பதினோரு வருஷச் சேறு அடியை மூடிக் கிடக்கிறது, பார்த்துச் சொல்ல முடியாது. போட்டிருந்தால் எண்ணெய் குழிக்கு வருமுன்பே வேறு வழியாகப் போகிறது. கழுவுகிற தரையில் தெருப்பக்கம் ஒரு விரிசல் இருக்கிறது, அங்கே தோண்ட வேண்டும். போடவில்லை என்றால் குழியையே பெயர்த்து, ரொட்டிக்காரர் சுவரை இடித்து உள்ளே போக வேண்டும். ஒருவர் வீட்டுச் சுவரைச் சந்தேகத்தின் பேரில் இடிக்க முடியாது.

பதில் எழுது.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பேனாவுக்கு வராத 'அன்புள்ள'வையும் சேர்த்து நானே போட்டுவிட்டேன்.

கடிதம் நேற்றுதான் கிடைத்தது. நீ என்னிடம் கேட்டது ஒரு விதத்தில் சரியான இடம்தான். கப்பலில் எனக்கு என்ன வேலை என்று நினைத்தாய்? எஞ்சின் அறையில் எண்ணெய்க்காரன். துடைப்பது, ஊற்றுவது, ஒழுகினால் ஓடுவது. அடித்தளத்தில் தேங்குகிற எண்ணெய்த் தண்ணீரில் ஒரு சொட்டைக்கூட நாங்கள் சும்மா கடலில் விட முடியாது. அதற்கென்று பிரிக்கிற மிஷின் ஒன்று இருக்கிறது. பத்து லட்சம் பங்கு தண்ணீரில் எண்ணெய் பதினைந்து பங்கைத் தாண்டினால் மணி அடித்து வால்வு தானாக மூடிக்கொள்ளும். மாமியார் தோற்றாள் போ.

நீ அந்தப் பழங்குழியைக் கட்டிக்கொண்டு அழாதே. புதிதாகச் செய். முற்றத்தில் கம்பி கட்டி, தடியன் எடை தாங்குகிற மாதிரி தரை போடு. நாலு பக்கமும் வரம்பு கட்டு. ஒரு மூலைக்குச் சரிவு கொடு. அங்கிருந்து வரிசையாக மூன்று டிரம். எண்ணெய் மிதக்கும், தண்ணீர் அடியில் நிற்கும். அதனால் முதல் டிரம்மின் அடியிலிருந்து குழாய் எடுத்து இரண்டாவதற்கு விடு, அதன் அடியிலிருந்து மூன்றாவதற்கு. மேலே மிதப்பதை அள்ளித் தனி டப்பாவில் மூடி வை. கழிவு ஆயில் வாங்குகிறவர்களில் லைசன்ஸ் வைத்திருப்பவர் யார் என்று விசாரி. சும்மா வருகிறவனிடம் கொடுத்தால் அவன் அடுத்த ஊர் வாய்க்காலில் ஊற்றுவான்.

அப்புறம், ரொட்டிக்காரர் வீட்டிலேயே ஏதாவது ஒழுகுகிறதா என்று பார்த்தாயா? தெருமுனையில் வேன் பட்டறை இருக்கிறது. அவர்கள் மட்டும் என்ன பன்னீரிலா வண்டி கழுவுகிறார்கள்? எடுத்தவுடன் எல்லாவற்றையும் நம் தலையில் போட்டுக்கொள்வது உன் பழக்கம். ஒரு குழிக்குப் பதினோரு வருஷம் கழித்துப் பஞ்சாயத்தா?

மாமாவை இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்துக்கொள்ளச் சொல். இங்கே சாப்பாட்டில் உப்பு இல்லை, சமையல்காரருக்கு எங்கள் மேல் என்ன கோபமோ.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

இரண்டு பக்கம் எழுதினாய். கப்பல் எழுதினாய், மணி எழுதினாய், சமையல்காரர் கோபம் எழுதினாய். நான் கேட்டதற்கு ஒரு வரி இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் நீ, அதிலும் உப்பில்லாத சோறு.

வேன் பட்டறைக்குப் போனேன். கழிவு ஆயிலுக்குத் தனித் தொட்டி கட்டி, மாதாமாதம் ஏற்றி அனுப்புகிறார்கள். தரை நம் வீட்டு அடுப்படியைவிடச் சுத்தமாக இருக்கிறது. வெட்கமாகப் போயிற்று. ரொட்டிக்காரர் வீட்டில் ஒழுகுவதற்கு ஒன்றும் இல்லை. அது விறகு அடுப்பு. உனக்குத் தெரியாதா? அந்த அடுப்படியில் குளிர் காய்ந்து வளர்ந்தவன் நீ.

நீ சொன்ன தரையைப் போட்டுவிட்டேன். ஒன்பது அங்குலம், இரட்டைக் கம்பி. மூன்று டிரம்மும் வைத்தேன். உன் மாமா நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேஸ்திரி வேலை பார்த்தார். "சரிவு பத்தாதுடி, சரிவு பத்தாது" என்று அரை நாள் ஜபம். கடைசியில் பார்த்தால் சரிவு உண்மையிலேயே பத்தவில்லை. உடைத்து மறுபடி போட்டேன். அதற்காக அவர் அடைந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

தரை காய்ந்ததும் தடியனை ஏற்றிக் கழுவினேன். டீசல் இனி வேண்டாம் என்று நானே முடிவு செய்து, சோப்புத்தூளை நன்றாகக் கரைத்து அடித்தேன். கிரீஸ் கழன்று ஓடியது. ஆகா என்று டிரம்மைத் திறந்தால் மூன்றிலும் பால் மாதிரி வெள்ளையாக நிற்கிறது. எண்ணெயும் மிதக்கவில்லை, தண்ணீரும் தெளியவில்லை. நாலு நாள் ஆயிற்று, அப்படியே நிற்கிறது. மூடி வைத்திருக்கிறேன். தடியன் அழுக்கோடுதான் வேலைக்குப் போகிறது. "என்னம்மா, மிஷினா, எருமையா?" என்று வேலை கொடுத்தவர் கேட்டார். "எருமைன்னா குளத்துல இறங்கும், இது இறங்காது" என்று சொல்லிவிட்டேன்.

ஒரு சொட்டு எண்ணெய் இனி என் முற்றத்து மண்ணில் விழாது. ஆனால் பழைய எண்ணெய் உள்ளே இருக்கும்வரை அந்தக் கிணறு தேறாது. தினமும் காலையில் எங்கள் தொட்டியிலிருந்து நாலு குடம் தண்ணீர் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் வைக்கிறேன். ரொட்டிக்காரர் மனைவி குடத்தை வாங்கிக்கொண்டு, "எதுக்குக்கா சிரமம்" என்கிறாள். திட்டினால்கூடத் தேவலை.

அடியில் சிமெண்ட் போட்டாயா, இல்லையா?

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

சோப்புத்தூள் போட்டாயா! தலையில் அடித்துக்கொண்டேன். சோப்பு என்ன செய்யும் என்றால் எண்ணெயைப் பொடிப்பொடியாக உடைத்துத் தண்ணீருக்குள் கலந்து பிடித்து வைத்துக்கொள்ளும், லேசில் மேலே வர விடாது. இங்கே எஞ்சின் அறைத் தரையில் சாதாரண சோப்பு போட்டால் தலைமை எஞ்சினியர் ஆளையே கழுவிவிடுவார். வெறும் சுடுதண்ணீர் போதும். அந்தப் பால் டிரம் மூன்றையும் கீழே விடாதே, அப்படியே கழிவு எடுப்பவரிடம் கொடு. சொல்லாமல் விட்டது என் தப்பு.

நீ கேட்டதைப் பற்றி. அக்கா, பதினோரு வருஷம். எனக்கு அப்போது இருபது வயசு. சிமெண்ட் போட்டதாகத்தான் ஞாபகம். ஆமாம், போட்டேன். கலந்தது, கரண்டியால் தேய்த்தது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அதனால் நீ அந்த விரிசல் பக்கமே பார்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. வேலை அதிகம். அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 21

தம்பிக்கு,

உன் ஞாபகத்தை நம்பித் தெருப்பக்கம் மூன்று நாள் தோண்டினேன். விரிசலுக்குக் கீழே ஆறடி. நல்ல செம்மண். ஒரு பிடி எடுத்து முகர்ந்தேன், மாமா முகர்ந்தார், ரொட்டிக்காரரும் வந்து முகர்ந்தார். மண் வாசனை, அவ்வளவுதான். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

"அப்ப எங்கிருந்தும்மா வருது?" என்று கேட்டார் ரொட்டிக்காரர். "தெரியலண்ணே" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு நாக்கு கூசியது. எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரியும். அவர் போய் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டார். எரியாத அடுப்பின் முன்னால் ஒரு மனிதன் உட்கார்ந்திருப்பதை நீ பார்த்ததில்லை.

உன்னை நான்தான் வளர்த்தேன். பொய் சொல்லும்போது 'ஆமாம்' என்பதை இரண்டாவது வாக்கியத்தில் சொல்வாய், முதலில் சொல்ல மாட்டாய். போன கடிதத்தை எடுத்துப் பார்.

நாலு மாதம் இருக்கிறது. உபதேசம் வேண்டாம். சுடுதண்ணீர் வேண்டாம். மென்று முழுங்காமல் நடந்ததை எழுது. நீ எழுதுகிறவரை நானும் எழுத மாட்டேன்.

அக்கா


மே 9

அக்காவுக்கு,

'அன்புள்ள' போடத் தகுதி இல்லை, அதனால் போடவில்லை.

எங்கள் அறையில் ஒரு பெரியவர் இருந்தார். முப்பது வருஷக் கப்பல் ஆள். எல்லாரும் அவரைச் 'சாமியார்' என்போம், பேசவே மாட்டார். போன வாரம் அவர் ஒரு வாளி எண்ணெய்த் தண்ணீரைக் கை வலியில் மேலே தூக்க முடியாமல் குளியலறைச் சாக்கடையில் ஊற்றிவிட்டார். எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டதும் தலைமை எஞ்சினியர் எங்கள் ஏழு பேரையும் வரிசையாக நிறுத்தினார். "யார்?" என்று அவர் வாய் மூடுவதற்குள் சாமியார் ஒரு அடி முன்னால் வந்து, "நான்தாங்க" என்றார். அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். அவர் பையை நான்தான் படியிறங்கித் தூக்கிக்கொண்டு போனேன். "ஏன்ணே சொன்னீங்க, யாருன்னே தெரிஞ்சிருக்காதே" என்று கேட்டேன். "இல்லன்னா மத்த ஆறு பேரையும் சந்தேகப்படுவான்ல" என்றார், அவ்வளவுதான். பையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் என்ன செய்தேன்? வேன் பட்டறையைக் கைகாட்டினேன். ரொட்டிக்காரரையே கைகாட்டினேன்.

சொல்கிறேன் அக்கா. சிமெண்ட் போட்டாயா என்று கேட்டாய். போட்டேன், அது பொய்யில்லை. உடைத்தாயா என்று நீ கேட்கவில்லை. நீ கேட்காததைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் தொங்கினேன்.

மூட்டை மூன்றையும் கொட்டி அடித்தளத்தை நன்றாகத்தான் போட்டேன். போட்டதால் கழிவு தேங்கியது. தேங்கியதை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வாளியால் அள்ளி டிரம்மில் ஊற்றுவது என் வேலை. ஐம்பது வாளி வரும். பசங்களெல்லாம் மைதானத்தில் இருப்பார்கள், நான் மட்டும் குழிக்குள் முழங்கால்வரை கருப்பாக நிற்பேன். நாலாவது ஞாயிறு நீயும் மாமாவும் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தீர்கள். கடப்பாரையை எடுத்து, ரொட்டிக்காரர் சுவர்ப்பக்க மூலையில் அடியை உடைத்தேன். ஒரு முழ அகலம் இருக்கும். கீழே களிமண் இருக்கும் என்று நினைத்தேன். மணல் இருந்தது. நல்ல ஆற்று மணல் மாதிரி, சுவர்ப்பக்கமாகச் சரிந்து இறங்கியது. கருப்புத் தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே போயிற்று. கண் மூடித் திறப்பதற்குள் குழி காலி. நான் சிரித்தேன் அக்கா. விளையாடப் போய்விட்டேன்.

மாலை மாமா வந்து, "என்னடா தண்ணியக் காணோம்?" என்றார். "நல்ல குழி மாமா, தானா குடிக்குது" என்றேன். தோளில் தட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் ஒவ்வொருவரையும் கூட்டி வந்து காட்டும்போதெல்லாம் நான் வெளியே நழுவிவிடுவேன். கொஞ்ச நாளில் அதுவும் நின்றுவிட்டது. குழி தானாகத்தான் குடிக்கிறது என்று நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

சுவர்ப்பக்கம் தோண்டு. மணல் போகிற வழியிலேயே போ.

தம்பி


ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். கடிதத்தை வாங்கி அவரே இன்னொரு தடவை படித்தார். அப்புறம், "அவன் உடைச்சான், நான் ஊரைக் கூட்டிக் காட்டினேன், நீ பதினோரு வருஷம் ஊத்துன. மூணு பேரும் சேர்ந்துதான் கெடுத்திருக்கோம்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். பிறகு தடியனை ஸ்டார்ட் செய்தேன்.

எந்த மிஷினைக் கழுவி அந்த மண் கெட்டதோ அதே மிஷினை வைத்துத்தான் தோண்டினேன். குழியின் அடி அப்படியே இருக்கிறது, நீ போட்ட சிமெண்ட்; நல்லாத்தான் போட்டிருக்கிறாய், பாவி. மூலையில் மட்டும் ஓட்டை. அதற்குக் கீழே மணல் தார் மாதிரிக் கருப்பு. பிசைந்தால் கையில் ஒட்டுகிறது. சுவர்வரைக்கும் போயிற்று. ரொட்டிக்காரரிடம் போய், "சுவரை இடிக்கணும்ணே, எண்ணெய் அதுக்கு அடியிலதான் போகுது" என்றேன். "இடிங்க" என்றார். ஒரே வார்த்தை. தானே வந்து செங்கல்லைப் பிரித்து அடுக்கினார்.

கிணற்றுக்கு நாலு அடி தூரம்வரை கருப்பு மணல் போனது. நல்ல மண் வரும்வரை எடுத்தேன். எடுத்ததைத் தார்ப்பாய் விரித்துக் கொட்டி, மேலே இன்னொரு தார்ப்பாய் போட்டு மூடி, மழை நனையாமல் கல் வைத்தேன். கழிவு மண்ணை எங்கே கொடுப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டால், அங்கிருந்த அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாராவது புகார் குடுத்தாங்களாம்மா?"

"இல்லைங்க."

"அப்ப நீங்களா வந்தீங்க?"

"ஆமாங்க. ஏன், புகார் குடுத்தாத்தான் லாரி அனுப்புவீங்களா?"

ஏழு லாரி மண் போயிற்று. தோண்டிய பள்ளத்தில் நம் பக்கமாகக் களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, தடியன் கையாலேயே இடித்து இறுக்கியிருக்கிறேன். நம் பக்கத்திலிருந்து இனி ஒன்றும் அங்கே போகாது. கிணற்றை இறைத்து, இறைத்த தண்ணீரை டிரம்மில் விட்டு எண்ணெயை எடுக்கிறேன். ஊறுகிறது, மறுபடி இறைக்கிறேன். தண்ணீரைச் சோதனைக்கூடத்தில் கொடுத்தேன், முதல் பரிசோதனையில் தேறவில்லை. இரண்டாவதிலும் இல்லை, ஆனால் பாதியாகக் குறைந்திருக்கிறது.

தடியனைக் கழுவுகிற வழியும் கண்டுபிடித்துவிட்டேன். உன் கப்பலில்கூட இப்படிச் செய்வார்களோ என்னவோ. தும்பை விட்டு வாலைப் பிடித்துக்கொண்டிருந்தோம் நாம். அழுக்கைத் தண்ணீரில் கலந்துவிட்டுப் பிறகு பிரிக்கப் பார்க்கிறோம். கலக்காவிட்டால்? இப்போது தண்ணீரைத் தொடுவதற்கு முன்னால் பட்டை பிளேடால் கிரீஸைச் சுரண்டி எடுக்கிறேன். கை மடங்குகிற மூட்டில் பின் மாட்டிய இடமெல்லாம் பழைய கிரீஸ் கட்டிகட்டியாக வருகிறது. பிறகு மரத்தூளைத் தூவித் தேய்க்கிறேன், அது எண்ணெய்ப் பசையையெல்லாம் இழுத்துக்கொள்கிறது. பிறகு பழைய துணி. எல்லாம் மூடி போட்ட டப்பாவுக்குப் போகிறது. கடைசியில் பார்த்தால் கழுவுவதற்கே பெரிதாக ஒன்றும் இல்லை, நாலு வாளி சுடுதண்ணீர் போதும். மூன்றாவது டிரம்மில் என் முகம் தெரிகிறது, நரைத்த முடி உட்பட. அந்தத் தண்ணீரையும் கீழே விடுவதில்லை. அடுத்த முறை கழுவ அதையே எடுத்துக்கொள்கிறேன்.

ரொட்டிக்காரரிடம் 'எங்க குழி' என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். நீ செய்ததைச் சொல்லவில்லை.

அக்கா


ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தில் 'அன்புள்ள' இருந்தது. முதலில் அதைத்தான் பார்த்தேன்.

அவரிடம் சொல்லிவிடு அக்கா. நான்தான் என்று சொல். இல்லையென்றால் என் கடிதத்தையே காட்டிவிடு. சின்ன வயசில் கருகிய ரொட்டியின் ஓரத்தை எனக்காக எடுத்து வைப்பார், எனக்கு அதுதான் பிடிக்கும் என்று. அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஜூலையோடு ஒப்பந்தம் முடிகிறது. இன்னொரு வருஷத்துக்குப் போட்டுக்கொண்டு கப்பலிலேயே இருந்துவிடலாமா என்று பார்க்கிறேன். ஆள் தேவைதான் என்கிறார்கள். நீ சொல்லிவிட்டால் அவர் கோபம் ஆறட்டும், பிறகு வருகிறேன்.

தம்பி


ஜூலை 14

அன்புள்ள தம்பிக்கு,

மூன்றாவது பரிசோதனை தேறிவிட்டது. எண்ணெய் இல்லை, குடிக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ரொட்டிக்காரர் இரண்டு தடவை படித்தார். மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். கிணற்றுப் பலகையை எடுக்கவில்லை.

நான் ஒரு வாளி இறைத்து அவர் கண் முன்னாலேயே ஒரு செம்பு குடித்தேன். "நீங்க டீசல்லயே ஊறுனவங்க, உங்களுக்கு என்னம்மா வித்தியாசம் தெரியும்" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அந்த ஓட்டை எப்படி விழுந்துச்சுன்னே யாரும் எனக்குச் சொல்லல. அது தெரியாம, எண்ணெய் போயிடுச்சுன்னு நான் எப்படிம்மா நம்புறது? இந்தத் தண்ணியில மாவு பிசைஞ்சு ஊருக்குக் குடுக்கணும். இன்னொரு தடவை அடுப்ப அணைக்க எனக்கு வயசு இல்ல."

அவர் கேட்டது நியாயம். அவர் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டாள். அடுத்த மாதம் மகன் வீட்டுக்குப் போகிறார்கள்.

நான் அவரிடம் சொல்ல மாட்டேன். கடிதத்தையும் காட்ட மாட்டேன். மண்ணை எடுத்தேன், சுவரை இடித்தேன், மறுபடி கட்டிக் கொடுத்தேன், குடம் சுமந்தேன். என்னால் முடிந்தது எல்லாம் ஆயிற்று. இது ஒன்று என்னால் முடியாது. எந்த இடத்தில் உடைத்தாய், எத்தனை இடத்தில் உடைத்தாய், வேறு எங்காவது கை வைத்தாயா என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்தன்தான் இருக்கிறான். அவன் வந்து வாயால் சொல்லட்டும். அவர் அடிப்பாரோ, அணைப்பாரோ, அது உங்கள் இரண்டு பேர் பாடு.

கப்பலிலேயே இருந்துவிட வேண்டுமானால் இரு. ஆனால் அதற்கு வேறு பெயர் வைக்காதே. வருவதாக இருந்தால் நம் வீட்டுக்கு முதலில் வராதே. அந்த வாசலுக்குப் போய்விட்டு வா.

அக்கா


ஆகஸ்ட் 5

அன்புள்ள அக்கா,

நீ தடியனோடு வெளியூர் வேலையில் இருக்கிறாய், நாலு நாள் ஆகும் என்று மாமா சொன்னார். உனக்கு டீசல் கொண்டுவருகிற வண்டிக்காரர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போன் செய்யலாம்தான். ஆனால் எழுதிப் பழகிவிட்டது, நடுவில் வைத்துவிட்டு ஓட முடியாது என்பதும் நல்லதாகத்தான் இருக்கிறது.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பையோடு நேராக ரொட்டிக்காரர் வீட்டு வாசலுக்குப் போனேன். சாக்கு மூட்டைகள் இறுக்கமாகக் கட்டி வாசலிலேயே இருந்தன. அவர் என்னைப் பார்த்ததும், "வாடா கப்பல்காரா, உள்ள வா" என்றார். "இங்கயே நின்னு சொல்லிடுறேன்ணே" என்றேன். கடப்பாரையிலிருந்து ஆரம்பித்து, மைதானம்வரை, மாமா தோளில் தட்டியதுவரை எல்லாம் சொன்னேன். வேன் பட்டறையைச் சொன்னதையும், அவர் வீட்டிலேயே ஒழுகும் என்று எழுதியதையும்கூடச் சொன்னேன். அவர் முடியட்டும் என்று நின்றார்.

"எத்தனை எடத்துல உடைச்ச?"

"ஒரே எடம்ணே. சுவர்ப்பக்க மூலை."

"வேற எங்கயும்?"

"இல்லண்ணே. அதுக்கப்புறம் உடைக்கத் தேவையே வரல. அந்த ஒரு ஓட்டையே எல்லாத்துக்கும் போதுமா இருந்துச்சு."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். பின்பக்கம் திரும்பி நடந்தார். நானும் போனேன். கிணற்றின் மேலிருந்த பலகையின் ஒரு பக்கத்தை அவர் பிடித்தார், மறுபக்கம் பிடிக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். இறக்கி வைத்தோம். வாளியை விட்டு இறைத்து ஒரு டம்ளரில் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"நீ முதல்ல குடி."

குடித்தேன். ஒரே மூச்சில் குடித்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னொரு டம்ளர் ஊற்றி அவர் குடித்தார். என்னைப் போல இல்லை. ஒரு வாய் எடுத்து, நாக்கில் சுழற்றி, நிறுத்தி, அப்புறம் விழுங்கினார். அடுத்த வாய். அடுத்த வாய். டம்ளர் காலியாயிற்று.

மன்னித்தாரா என்று நீ கேட்பாய். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். வாசல் பக்கம் திரும்பி மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

"அந்த மூட்டையெல்லாம் அவுத்துடு. சல்லடைய வெளிய எடு, மாவு சலிக்கணும்."

தம்பி